தேர்ந்தெடுக்கப்பட்ட இருபது பேர்

பாரிமுனையில் இறங்கி என்.எஸ்.சி. போஸ் சாலையில் நடந்தால், உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம் செந்நிறக் கட்டடம் ஒன்று நம் கண்ணில் படும். நடைபாதைக் கடைகளின் நெரிசலில் அதை நிமிர்ந்து பார்ப்பவர் குறைவு. அது ஒய்.எம்.சி.ஏ. கட்டடம். டேவிட் மெக்கானகி என்ற அமெரிக்கர் 1890இல் சென்னையில் அந்தச் சங்கத்தைத் தொடங்கினார். பிலடெல்பியாவின் பெருவணிகர் ஜான் வானமேக்கர் தந்த பெருங்கொடையால் 1900இல் இந்தக் கட்டடம் எழுந்து நின்றது. இங்கிருந்து வடக்கே நடந்தால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகமும் ஆலைகளுமாக ஊர் நீண்டு செல்கிறது.

இதே உயர் நீதிமன்றத்துக்கு மறுபுறத்தில், எதிரே இருந்த கடற்கரையில், 1923 மே 1 அன்று ம. சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களில் ஒன்றை நடத்தினார். மற்றொன்று அதே நாளில் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நடந்தது.

ஒருபுறம் விளையாட்டைக் கொண்டுவந்த சங்கம், மறுபுறம் உழைப்பவனின் நாள். இவை இரண்டுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். அந்த உறவைத் தேடிப் போனால் நாம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், 1964ஆம் ஆண்டின் ஒரு பனிக்கால இரவில், உடைமாற்றும் அறை ஒன்றின் மூடிய கதவுக்கு முன்னே போய் நிற்போம். அந்தக் கதையைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

*

கூடைப்பந்து என்பது யாரோ ஆடத் தொடங்கி மெல்ல வளர்ந்த ஆட்டமல்ல. நம்முடைய சடுகுடுவுக்குப் பிறந்த நாள் கிடையாது. கூடைப்பந்துக்கு உண்டு. 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே ஆடுவதற்கென்று ஓர் ஆட்டத்தை யோசித்தார். பீச் பழக்கூடைகள் இரண்டை மேல்மாடத்தின் கைப்பிடிச் சட்டத்தில் அடித்தார். பதின்மூன்று விதிகளை எழுதினார். ஆட்டம் பிறந்துவிட்டது. அந்தப் பள்ளியில் பயின்றவர்கள் உலகின் பல துறைமுக நகரங்களுக்குச் சென்றபோது ஆட்டமும் அவர்களுடைய பெட்டியில் சென்றது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஹாரி குரோ பக். அவரும் ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர். 1920இல் அவர் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் இன்று நந்தனத்தில் நாம் காணும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. இந்தியாவெங்கும் உடற்கல்வி ஆசிரியர்களை அனுப்பிய இடம் அது. நம் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் துருப்பிடித்த இரும்பு வளையத்தோடு நிற்கும் பலகை ஒன்றின் பூர்வீகத்தை விசாரித்தால், பெரும்பாலும் அந்த வழியாக ஸ்பிரிங்ஃபீல்டு வரை போய்ச் சேரலாம்.

பக் இன்னொரு காரியத்திலும் பங்குகொண்டார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பதற்காக அந்த ஆண்டு டெல்லியில் அகில இந்தியப் போட்டி நடத்தப்பட்டது. மாகாணங்கள் தத்தம் ஆட்களை அனுப்பின, அவர்களிலிருந்து ஒரு பட்டியல் உருவானது. அந்த அணியின் மேலாளராகப் பாரிஸ் சென்றவர் பக். 'இந்தியா' என்ற பெயரில் யார் ஓடுவது என்பதை ஓட்டத்தின் மூலம் தீர்மானிப்பது அன்று புதிய பழக்கம். தேர்வு என்ற சொல் விளையாட்டுக்குள் வந்து உட்கார்ந்தது இப்படித்தான்.

*

அமெரிக்காவிலோ தேர்வு ஒரு வேடிக்கைத் திருவிழாவாகவே மாறிவிட்டிருந்தது.

1933இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி, ஆர்ச் வார்டு என்ற பத்திரிகையாளரின் யோசனைப்படி பேஸ்பாலுக்கு ஒரு 'ஆல் ஸ்டார்' ஆட்டம் நடத்தப்பட்டது. எல்லா அணிகளிலிருந்தும் சிறந்தவர்களைப் பொறுக்கியெடுத்து இரண்டு அணிகளாக்கி மோதவிடுவது அதன் வடிவம். வாசகர்கள் பத்திரிகைகளின் வழியாக வாக்களித்தார்கள். வசூல் நலிந்துபோன முன்னாள் ஆட்டக்காரர்களுக்கான நிதிக்குப் போயிற்று. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நட்சத்திர ஆட்டத்தின் பிறப்பிலேயே முதுமையடைந்த ஆட்டக்காரனின் வறுமை கலந்திருக்கிறது. மே தினத்துக்குக் காரணமான 1886ஆம் ஆண்டுப் போராட்டம் நடந்ததும் அதே சிகாகோவில்தான்.

கூடைப்பந்துக்கு அந்த எண்ணம் வந்தது 1951இல். அந்தக் குளிர்காலத்தில் கல்லூரிக் கூடைப்பந்து பெரும் அவமானத்தில் சிக்கியிருந்தது. சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு மாணவர்கள் ஆட்டத்தின் புள்ளி வித்தியாசத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆடியது அம்பலமானது. அப்போது தொழில்முறைக் கழகமான என்.பி.ஏ. இளங்கன்று. அதன் தலைவர் மாரிஸ் போடோலாஃப். விளம்பரப் பொறுப்பிலிருந்த ஹாஸ்கெல் கோஹன், பேஸ்பாலைப் போலவே நாமும் ஒரு நட்சத்திர ஆட்டம் நடத்தினால் மக்களின் நம்பிக்கை மீளும் என்றார். போடோலாஃபுக்குத் தயக்கம். பாஸ்டன் செல்டிக்ஸ் உரிமையாளர் வால்டர் பிரவுன் மட்டும் துணிந்தார். செலவு தன்னுடையது, நட்டம் வந்தாலும் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டார்.

1951 மார்ச் 2 அன்று பாஸ்டன் கார்டன் அரங்கில் ஆட்டம் நடந்தது. அந்தப் பருவத்தில் சராசரியாக 3500 பேர் வந்துகொண்டிருந்த ஆட்டத்துக்கு அன்று 10,094 பேர் வந்தார்கள். கிழக்கு 111, மேற்கு 94. அக்காலத்தின் மாபெரும் உயரக்காரர் ஜார்ஜ் மைக்கனை எட் மக்காலி 12 புள்ளிகளுக்குள் கட்டிப்போட்டுத் தான் 20 புள்ளிகள் எடுத்தார்.

அந்த முதல் ஆட்டத்துக்கான ஆட்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் விளையாட்டு நிருபர்கள். தன் ஊர்க்காரனுக்கு வாக்களிக்கக் கூடாது என்று அவர்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. மிக எளிய விதிதான். ஆனால் தேர்வு என்னும் காரியத்தின் அடிப்படை நோய் எது என்பதை அந்த விதி அறிந்திருந்தது. அதற்கு மேலும் ஒரு நோய் இருந்தது, அதற்கு விதி ஏதும் எழுதப்படவில்லை. என்.பி.ஏ. கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்டதே 1950இல்தான். நட்சத்திரப் பட்டியலில் டான் பார்க்ஸ்டேல் என்ற முதல் கறுப்பினப் பெயர் இடம்பெற 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

*

நட்சத்திரங்கள் என்று பெயர் கொடுத்தாயிற்று. அவர்களுடைய வாழ்க்கை எப்படி இருந்தது?

அன்றைய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. பருவத்துக்கு முந்தைய காட்சி ஆட்டங்களுக்குக் கூலி கிடையாது. நடுவர்கள் நினைத்தால் 15 டாலர் தண்டம் விதிக்கலாம், அதற்கு 'முணுமுணுப்புத் தண்டம்' என்றே பெயர். முணுமுணுத்ததற்குத் தண்டம் கட்டும் தொழிலாளியின் கதை வடசென்னைக்காரர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டதற்குப் பின்னாலும் இப்படிப்பட்ட அன்றாட அவமதிப்புகளின் சேகரம் உண்டு. பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணை நின்றார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்று நூல்கள் அதைத்தான் சுட்டுகின்றன.

பாஸ்டனில் அந்த வேலையைத் தொடங்கியவர் பாப் கூசி. அவர் செல்டிக்ஸ் அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். 1954இல் ஒவ்வோர் அணியின் முன்னணி ஆட்டக்காரருக்கும் அவர் கடிதம் எழுதினார். மறுப்பும் மௌனமுமாக மூன்று ஆண்டுகள் சென்றபின் 1957இல்தான் உரிமையாளர்கள் ஆட்டக்காரர் சங்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். அதன்பிறகும் ஓய்வூதியம் என்ற கோரிக்கை 'பார்க்கலாம்' என்ற பதிலிலேயே கிடந்தது. கூசிக்குப் பின் அவருடைய அணித்தோழர் டாம் ஹைன்சன் தலைவரானார். லாரி ஃப்ளைஷர் என்ற வழக்கறிஞர் உடன் சேர்ந்தார்.

1964 ஜனவரி 14. நட்சத்திர ஆட்டம் மீண்டும் பாஸ்டன் கார்டனில். ஏ.பி.சி. தொலைக்காட்சி முதன்முறையாக அதை இரவின் முக்கிய நேரத்தில் நாடெங்கும் ஒளிபரப்ப இருந்தது. பனிப்புயலைத் தாண்டி வந்து சேர்ந்த ஆட்டக்காரர்கள் இருபது பேர். பில் ரஸல், வில்ட் சேம்பர்லின், ஆஸ்கர் ராபர்ட்சன், எல்ஜின் பேய்லர், ஜெர்ரி வெஸ்ட், லென்னி வில்கன்ஸ் என்று அந்தப் பட்டியலைப் படித்தாலே ஒரு காலகட்டத்தின் வரலாறு வந்துவிடும். அந்த இருபது பேரும் உடைமாற்றும் அறையின் கதவை மூடிக்கொண்டார்கள். ஓய்வூதியத்துக்கு உறுதி கிடைக்காமல் ஆடுகளத்தில் இறங்கப்போவதில்லை என்றார்கள்.

அறைக்குள் ஒருமித்த வீரம் மட்டும் இருந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். தயக்கம் இருந்தது. ஆடிவிட்டுப் பிறகு பேசலாம் என்றவர்கள் இருந்தார்கள். வெளியே தொலைக்காட்சி நிறுவனம் ஆட்டத்தைக் கைவிட்டுவிடுவதாக மிரட்டியது. கழகத்தின் தலைவர் வால்டர் கென்னடி பதவிக்கு வந்து ஓராண்டுகூட நிறையவில்லை. அந்நேரத்தில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் உரிமையாளர் பாப் ஷார்ட், காவலர் ஒருவர் மூலம் தம் ஆட்டக்காரர்கள் பேய்லருக்கும் வெஸ்டுக்கும் செய்தி அனுப்பினார். உடனே வெளியே வராவிட்டால் இருவரின் வேலையும் போய்விடும் என்பது செய்தியின் சாரம். பேய்லர் திருப்பி அனுப்பிய பதில் அச்சிலேற்றத் தக்கதல்ல. ஆனால் அந்த மிரட்டல்தான் தயங்கியவர்களையும் கெட்டிப்படுத்தியது. முதலாளிகள் எப்போதும் இந்தத் தவறைச் செய்கிறார்கள். தொழிலாளர் வரலாறு படித்தவர்களுக்கு இது தெரிந்த பாடம்.

ஒளிபரப்புக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் கென்னடி இறங்கிவந்தார். ஓய்வூதியத் திட்டத்துக்குத் தாம் பொறுப்பேற்பதாக வாக்களித்தார். கதவு திறந்தது. சற்றுத் தாமதமாக ஆட்டம் தொடங்கியது. கிழக்கு 111, மேற்கு 107. சிறந்த ஆட்டக்காரராக ஆஸ்கர் ராபர்ட்சன் தேர்ந்தெடுக்கப்பட்டார். வீட்டில் பெட்டியின் முன்னே அமர்ந்திருந்தவர்கள் ஒரு நல்ல ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

அந்த இருபது பேரும் அக்காலத்தில் அதிகம் சம்பாதித்தவர்கள். ஓய்வூதியம் இல்லாவிட்டால் முதலில் தெருவுக்கு வரக்கூடியவர்கள் அவர்களல்லர். எந்த நட்சத்திரப் பட்டியலிலும் ஏறாத, மூன்று நான்கு பருவங்கள் ஆடி முழங்கால் போய் ஊர் திரும்பும் மற்றவர்கள்தாம். தேர்ந்தெடுக்கப்பட்டோர் தம் தேர்வின் பலத்தைத் தேர்ந்தெடுக்கப்படாதோருக்காகச் செலவிட்டார்கள். அவர்கள் இல்லாமல் அன்றைய காட்சி நடக்காது, அதுதான் அவர்களிடமிருந்த ஒரே ஆயுதம். வேறு எந்த நாளிலும் அந்த இருபது பேரும் ஒரே அறையில் இருந்திருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூட்டத்தை வரவழைக்க உரிமையாளர்களே உருவாக்கிய காட்சிதான் ஆட்டக்காரர்களை ஒன்றுகூட்டியும் தந்தது. ராபர்ட்சன் அடுத்த ஆண்டு சங்கத்தின் தலைவரானார். 1970இல் அவர் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கு 1976இல் சமரசத்தில் முடிந்தபோது, ஆட்டக்காரன் தன் அணியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு வழி பிறந்தது.

முழு வெற்றி என்று முடித்துவிட முடியாது. 1965க்கு முன் ஆடி ஓய்ந்தவர்கள் அந்த ஓய்வூதியத்துக்கு வெளியே விடப்பட்டார்கள். முதல் ஆண்டுகளின் குளிரில் அரை அரங்குக்கு முன்னே ஆடிய அவர்கள், தம் பங்குக்காகப் பின்னர் தனியே நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. எல்லாப் பட்டியலுக்கும் ஒரு கடைசி வரி உண்டு, அதற்குக் கீழே நிற்பவர்களும் உண்டு.

*

பட்டியலை யார் எழுதுவது என்ற கேள்வி பிறகும் ஓயவில்லை. 1974-75 பருவத்திலிருந்து என்.பி.ஏ. தொடக்க ஐவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ரசிகர்களுக்குக் கொடுத்தது. மற்றவர்களைப் பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுப்பார்கள். தம் அணிக்காரருக்கு அவர்கள் வாக்களிக்கக் கூடாது என்ற பழைய நிபந்தனை அவர்களுக்கும் தொடர்ந்தது.

மக்களிடம் வாக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பேஸ்பாலில் முன்னுதாரணம் இருந்தது. 1957இல் சின்சினாட்டி நகரத்துக்காரர்கள் வாக்குச்சீட்டுகளை மலைபோல் குவித்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையே பெயர்களை நிரப்பிய சீட்டுகளை அச்சிட்டுத் தந்தது. பட்டியலில் ஏறக்குறைய ஓர் அணியே வந்து உட்கார்ந்தது. ஆணையர் ஃபோர்டு ஃப்ரிக் இருவரை நீக்கிவிட்டு, 1970 வரை மக்களின் வாக்குரிமையையும் பறித்துவைத்தார். நம்மூரில் தேர்தல் பார்த்தவர்கள் இதில் வியக்க ஒன்றுமில்லை.

ஆனால் மக்களின் வாக்கு நிபுணர்களைவிடப் பெருந்தன்மையாக நடந்த தருணமும் உண்டு. 1991 நவம்பரில் மேஜிக் ஜான்சன் தமக்கு ஹெச்.ஐ.வி. தொற்று இருப்பதாக அறிவித்து ஓய்வுபெற்றார். எய்ட்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே மனிதர்கள் விலகி அமர்ந்த காலம் அது. அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டமும் ஆடாத அவரை ரசிகர்கள் நட்சத்திர அணிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1992 பிப்ரவரி 9 அன்று ஆர்லாண்டோவில் அவர் 25 புள்ளிகள் எடுத்தார். ஆட்டத்தின் முடிவில் எதிரணியினரும் வந்து அவரைக் கட்டித் தழுவினார்கள். ஆயிரம் துண்டறிக்கைகள் செய்ய முடியாததை அந்தத் தழுவல் செய்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

2003இல் சீன மொழியிலும் வாக்குச்சீட்டு வந்தது. முதல் பருவம் ஆடிய யாவ் மிங், ஷக்கீல் ஓநீலை முந்தினார். 2017 முதல் ரசிகருக்குப் பாதி, ஆட்டக்காரருக்குக் கால், ஊடகத்தாருக்குக் கால் என்று வாக்கின் எடை பிரிக்கப்பட்டது. கிழக்கு மேற்கு என்ற பிரிவை விட்டார்கள், திரும்ப எடுத்தார்கள், 2025இல் நான்கு சிறு அணிகளாக்கிப் பார்த்தார்கள். 2024 ஆட்டத்தில் ஒரு அணி மட்டும் 211 புள்ளிகள் எடுத்தது. தடுப்பாரே இல்லாத ஆட்டம். தேர்வுமுறை நுணுகிக்கொண்டே போக, ஆட்டத்தில் பணயம் ஏதும் இல்லாமல் போயிற்று.

*

இனி நம் ஊருக்குத் திரும்புவோம்.

சென்னைக் கூடைப்பந்தில் பணயத்துக்குக் குறைவே இல்லை. இங்கே தொழில்முறைக் கழகங்கள் வந்து வந்து மறைந்தன. 2015இல் தொடங்கிய யு.பி.ஏ. கழகத்தில் 'சென்னை ஸ்லாம்' என்று நமக்கும் ஓர் அணி இருந்தது. 2017க்குப் பின் கழகமே நின்றுபோயிற்று. பிறகு ஐ.என்.பி.எல். வந்தபோது 'சென்னை ஹீட்' வந்தது. ஆனால் இந்த நகரத்தின் கூடைப்பந்தை நெடுங்காலமாகத் தாங்கி நிற்பவை வேறு. தெற்கு ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, சுங்கத்துறை, வருமானவரித் துறை என்ற பெயர்களில் ஆடும் அலுவலக அணிகள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. அதுதான் நம்முடைய தொழில்முறை ஆட்டம்.

அதன் ஏணி எப்படிப்பட்டது? பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியப் போட்டி. ஒவ்வொரு படியிலும் ஒரு சான்றிதழ். சான்றிதழோடு அலுவலகத்தின் களச் சோதனைக்குப் போக வேண்டும். கூடைப்பந்து அணிக்குப் பன்னிரண்டு பேர். மாநிலப் பட்டியலில் பன்னிரண்டாவது பெயராக வருபவர் ஓர் ஆட்டத்திலும் களமிறங்காமல் பலகையில் உட்கார்ந்திருந்தாலும் அவர் கையில் ஒரு தாள் இருக்கும். பதின்மூன்றாவது பெயருக்கு அது இல்லை. இந்த ஒரு வரி வித்தியாசம் சில குடும்பங்களில் ஒரு தலைமுறையின் வித்தியாசம். துறைமுகத்திலோ ஆலையிலோ தினக்கூலிக்குப் போகும் தகப்பனுக்குப் பிறந்த பெண், மாதச் சம்பளமும் ரயில்வே குடியிருப்பும் உள்ளவளாக மாறுவது இந்த வரியின் மேலேதான். ஆகவே இங்கே தேர்வுப் பட்டியல் ஒட்டப்படும் சுவரின் முன்னே கூடும் கூட்டத்துக்குப் பாஸ்டன் கூட்டத்தின் உல்லாசம் இருக்க முடியாது.

இந்த வழியில் ஏறி வந்தவர்கள் உண்டு. சென்னையில் பிறந்த அனிதா பால்துரை பத்தொன்பது வயதில் இந்திய மகளிர் அணிக்குத் தலைவியானார். தெற்கு ரயில்வேயில் பணிபுரிந்துகொண்டே ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். கேரளத்திலிருந்து வந்து தெற்கு ரயில்வேயில் சேர்ந்த கீது அன்னா ஜோஸ், 2011இல் அமெரிக்காவின் மகளிர் தொழில்முறைக் கழகத்தின் தேர்வுக் களங்களுக்குச் சென்ற முதல் இந்தியர். தேர்வாகவில்லை. திரும்பி வந்தபோது ரயில்வே வேலை அவருக்காகக் காத்திருந்தது.

வடசென்னையின் சொந்த ஆட்டங்கள் குத்துச்சண்டையும் கால்பந்தும் கேரமும். சேரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். வியாசர்பாடியின் இளவழகி 2008இலேயே உலகப் பட்டம் வென்றவர். கேரமுக்குப் பெரிய கழகமும் இல்லை, நட்சத்திர ஆட்டமும் இல்லை. பரிசுப் பணமும் வேலையும் மட்டுமே அந்தப் பிள்ளைகளின் கண்முன் இருப்பவை.

நாம் ஒரு விசித்திரத்தைக் கவனிக்கலாம். பாஸ்டனில் இருபது நட்சத்திரங்கள் கதவை மூடிக்கொண்டு கேட்ட ஓய்வூதியம், அதே 1964இல் ரயில்வேயில் நிரந்தர வேலை பெற்று ஆடிய ஒரு சாதாரண ஆட்டக்காரருக்குக் கேட்காமலே விதிப்படி உரியதாக இருந்தது. அவருக்குப் புகழ் இல்லை. ஆனால் அறுபது வயதுக்குப் பிறகும் சோறு இருந்தது. அமெரிக்கர்கள் புகழிலிருந்து பாதுகாப்பை நோக்கி நடந்தார்கள். நாம் பாதுகாப்பிலிருந்து தொடங்கினோம்.

எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பதுதான் கேள்வி. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டு, சந்தையோடு பிணைந்த புதிய திட்டம் வந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் சேர்ந்தவர்களும் அதற்குள் அடக்கம். நெடிய எதிர்ப்புக்குப் பிறகு 2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்ற ஒன்று விருப்பத் தேர்வாக வந்திருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினால் கடைசி ஓராண்டுச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி உறுதி என்கிறது. அதற்காகக் கொடி பிடித்தவர்கள் அலுவலக ஊழியர்களும் ரயில்வே தொழிலாளர்களும். அவர்கள் வாங்கித் தந்ததில் கூடைப்பந்தாட்டக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு. பாஸ்டனில் நட்சத்திரங்கள் சாதாரணர்களுக்காக நின்றார்கள். இங்கே சாதாரணர்கள் நட்சத்திரங்களுக்கும் சேர்த்து நின்றிருக்கிறார்கள்.

மாலையில் அந்தச் செந்நிறக் கட்டடத்தின் முன்னே நின்றால், வடக்கே போகும் பேருந்துகளில் ஏற ஜனம் முண்டியடிக்கிறது. பள்ளிச் சீருடையோடு, தோளில் பையும் காலில் தேய்ந்த கேன்வாஸ் செருப்புமாகப் பிள்ளைகள் சிலரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களில் யார் பட்டியலில் பன்னிரண்டாவது, யார் பதின்மூன்றாவது என்று நமக்குத் தெரியாது. பதின்மூன்றாவது ஆளுக்காக யாராவது ஓர் அறைக்குள் கதவை மூடிக்கொள்வார்களா என்பதையே நாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.